எட்டிப் பறித்த அருகம்புல்

செடி வளர்க்கிறவரைக் கண்டால் எல்லாரும் உட்காரச் சொல்வார்கள். செடியைச் சாகடிக்க வருகிறவளிடம் "கேட்டைச் சாத்திட்டுப் போம்மா" என்று மட்டும்தான் சொல்வார்கள்.

நான் இரண்டாவது ரகம். சிங்கப்பூரில் ஒரு சின்னத் தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தில் மேற்பார்வை வேலை. வாசலில், வடிகால் ஓரத்தில், காங்கிரீட் வெடிப்பில் எங்கே களை தலைநீட்டினாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். முதுகில் மருந்துத் தொட்டி, முகத்தில் மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, முழங்கை வரை கையுறை, முட்டி வரை பூட்ஸ். இந்த ஊர் வெயிலில் இத்தனையையும் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்கள். நாங்கள் அடிக்கிற மருந்துக்குப் பாரபட்சம் கிடையாது. கோரைப்புல் எது, கறிவேப்பிலை எது என்று அதற்குத் தெரியாது. பச்சையாக இருந்தால் போதும், முடித்துவிடும். ஆகவே பார்த்து அடிக்க வேண்டிய பொறுப்பு நம் தலையில்.

நான் சொல்லப்போகிற சம்பவங்கள் எல்லாம் ஒரே சந்தில் நடந்தவை. சிராங்கூன் சாலையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். இரண்டு பக்கமும் வரிசை வீடுகள், தனியார் பாதை, புல்லும் களையும் குடியிருப்பவர்கள் பாடு. அவர்கள் எல்லாரும் சேர்ந்து எங்களுக்கு மூன்று மாதம் சோதனைக்குக் கொடுத்தார்கள். பிடித்தால் வருஷ ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் வணக்கம். எங்கள் பாஸ் என்னைக் கூப்பிட்டு, "வசந்தி, இந்தச் சந்து வரலைன்னா மருந்து அடிக்க எனக்கு ரெண்டாவது ஆள் தேவையில்லை. முருகேசன் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். முருகேசன்தான் மருந்து அடிக்கிறவர். தஞ்சாவூர்ப் பக்கம். ஊரில் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருக்கிறாள், படிப்பு முடிய இன்னும் பாதி இருக்கிறது. அதாவது, இந்தச் சந்து போனால் அவர் விமானம் ஏற வேண்டியதுதான். அதைத் தெரிந்துகொண்டே அவர் தொட்டியை முதுகில் மாட்டினார்.

பச்சையும் பழுப்பும்

முதல் தடவை மருந்து அடித்துவிட்டு வந்த மறுநாள் காலை, சந்து முனை வீட்டு சுவா ஆன்ட்டி ஃபோன் செய்தார். அவர் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன், இந்த ஊர்க்காரர்கள் பேச்சின் வாலில் ஒட்டுகிற 'லா' மட்டும் அவருடையது. "நேத்து அடிச்சீங்க. இன்னைக்கு எல்லாக் களையும் என்னைப் பார்த்துச் சிரிக்குது லா! தண்ணியத்தான் அடிச்சீங்களா?" என்றார். இந்த மருந்து இலை வழியாக உள்ளே இறங்கி வேர் வரைக்கும் போக வேண்டும், வாரம் பத்து நாள் ஆகும், அதுவரை புல்லை வெட்டக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது என்று முந்தின நாளே வீடு வீடாகச் சொல்லியிருந்தேன். யார் காதில் வாங்கினார்கள்! கரப்பான்பூச்சி மாதிரி மருந்து பட்டதும் மல்லாந்து விழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

சில பேர் அவசரம் தாங்காமல் அளவைக் கூட்டி அடிக்கச் சொல்வார்கள். அளவு கூடினால் இலை மட்டும் சுருக்கென்று கருகிவிடும், மருந்து வேருக்குப் போகாது, வேர் கீழே உட்கார்ந்துகொண்டு மறுபடி கிளம்பும். அதனால் முருகேசன் போத்தலில் அச்சடித்திருக்கிற அளவுக்கு மேல் ஒரு மூடிகூட ஊற்ற மாட்டார். ஆன்ட்டியிடம் பொறுமையாக இருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் களையெல்லாம் நன்றாகக் காய்ந்து சுருண்டது. எனக்கு மனசு நிறைந்துபோனது. பாராட்டத்தான் ஆன்ட்டி மறுபடி கூப்பிடுகிறார் என்று நினைத்து ஃபோனை எடுத்தேன்.

"என் வாசலைப் பார்த்தியா? எல்லாம் பழுப்பா கிடக்கு, அசிங்கம் லா. பச்சையாவது கண்ணுக்கு நல்லா இருந்தது!"

போன அடி, வராத அடி

சந்தின் நடுவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றில் கனி பாய், லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அடுத்ததில் சிவலிங்கம் சார், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சந்துக்காரர்கள் எல்லாம் சேர்ந்து அவரைத்தான் தலைவராக வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் கொடுப்பதா வேண்டாமா என்பது கடைசியில் அவர் வாயில் வர வேண்டிய வார்த்தை. அவர் வீட்டுப் பக்கவாட்டில் நல்ல புல்வெளி, கம்பளம் மாதிரி பார்த்துப் பார்த்து வளர்த்தது. அதை நாங்கள் நெருங்கவே இல்லை. பாய் வீட்டுக் கார் நிறுத்துமிடத்து வெடிப்புகளில் மட்டும் அடித்துவிட்டு, "பாய், நல்லா காயிற வரைக்கும் யாரும் இதுல கால் வைக்காதீங்க, பூனையைக்கூட விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம். பாய் "சரிம்மா, சரிம்மா" என்றார்.

பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். சிவலிங்கம் சாருடைய பச்சைக் கம்பளத்தில் மஞ்சள் மஞ்சளாகச் செருப்படிகள்! அச்சு எடுத்த மாதிரி, கட்டைவிரல் பக்கத்துத் தேய்மானம் வரைக்கும் தெரிகிறது. பாய் வீட்டில் தொடங்கி, வேலி இடைவெளியில் நுழைந்து, நேராக சிவலிங்கம் சார் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் போகிறது. ஈரம் காயுமுன் யாரோ மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! பாய்க்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் இனிப்பைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். சிவலிங்கம் சார் மனைவி ராஜேஸ்வரி அம்மா கேசரி கிண்டினால் மூன்று வீட்டுக்கு மணக்கும்.

சார் முகம் இறுகிப்போய்விட்டது. முருகேசன் அந்த ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் வந்து, செத்த புல்லை மண்ணோடு வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் புல் பதித்துக் கொடுத்தார். அவர் பதிப்பதற்கு முன்னால் பாயின் மனைவி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தத் தடத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். பாய் கடை ஷட்டர் திறக்க நேரமாகிவிட்டது என்று நழுவப் பார்த்தார்.

"போன அடி மட்டும் இருக்கு, திரும்பி வந்த அடியைக் காணோம். செருப்புல இருந்த மருந்து காயிற வரைக்கும் உள்ள உக்காந்து தின்னுருக்காரு மனுஷன்!"

ரோஸ் சிரப் போத்தல்

இரண்டாவது மாதம். வேலை முடிந்து, தொட்டியைக் கழுவுகிற நேரம். கழுவுகிற தண்ணீரைக்கூட வடிகாலில் விட முடியாது. இந்த ஊரில் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று உங்களுக்கே தெரியும், கடைசியில் நாம் குடிக்கிற தண்ணீரில்தான். அதனால் கழுவிய தண்ணீரையும் களை மேலேயே அடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தோம். சிவலிங்கம் சார் மெதுவாக வந்தார். கையில் ஒரு காலிப் போத்தல். பாண்டுங் என்று இங்கே குடிக்கிற ரோஸ் பால் கலக்குகிற ரோஸ் சிரப் போத்தல், லேபிள்கூடக் கிழிக்கவில்லை. "வசந்தி, இதுல கொஞ்சம் ஊத்திக் குடுத்துட்டுப் போம்மா. பின்பக்கம் ரெண்டு செடி முளைச்சா நானே அடிச்சுக்கிறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. ஒப்பந்தம் இவர் கையில், முருகேசன் பிழைப்பு இவர் கையில் என்று தெரிந்தும் நாக்கு நிற்கவில்லை. "சார், மன்னிச்சிருங்க. இதைச் சாப்பாட்டுப் போத்தல்ல ஊத்திக் குடுத்தா என்னை ஜெயில்ல போட்டாலும் தகும்" என்றேன். "நான் என்ன எடுத்துக் குடிக்கவா போறேன்? சின்னப்பிள்ளை மாதிரிப் பேசுறே" என்று அவருக்கும் கோபம் வந்துவிட்டது. நீங்கள் குடிக்க மாட்டீர்கள் சார், நோன்புப் பெருநாளுக்கு வருகிற பாய் வீட்டுப் பேரப்பிள்ளை தாகத்துக்கு எடுத்தால்? மருந்து அதன் போத்தலில்தான் இருக்க வேண்டும், அதுவும் பூட்டு போட்ட அலமாரியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. செடி முளைத்தால் எனக்கு ஃபோன் செய்யுங்கள், நானே வந்து பிடுங்கித் தருகிறேன் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முருகேசன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! 'போச்சுக்கா' என்று சொல்லாமல் சொன்ன பார்வை.

அன்று சாயங்காலமே பாஸுக்குப் புகார் போய்விட்டது. பாஸ் எனக்கு நன்றாகக் கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன். ஆனால் அன்று நாங்கள் சந்தைவிட்டுக் கிளம்பும்போது ராஜேஸ்வரி அம்மா பின்னாலேயே வாசல் வரை வந்து, வீட்டுக்குள் கேட்காத குரலில் சொன்னதுதான் எனக்குத் தெம்பு.

"நல்லவேளை குடுக்கலை. இவரு உப்பு டப்பாவுல சீனியைக் கொட்டி வெச்சு, ரசம் வெச்ச என்னைத் திட்டுன மனுஷன்."

காற்று நிற்கட்டும்

ஒருநாள் லாரியை விட்டு இறங்கியதும் காற்று. சுவா ஆன்ட்டி வாசலில் சீனப் புத்தாண்டுக்கென்று வளர்க்கிற ஆரஞ்சுத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. காற்றில் மருந்து அடித்தால் துளி எங்கே போய் உட்காரும் என்று யாரும் சொல்ல முடியாது. பாஸ் ஃபோனில், "அடுத்து தெம்பனிஸ் பக்கம் வேலைக்குப் போகணும், சீக்கிரம் முடிங்க" என்கிறார். தொட்டிகளைக் குப்பைப் பையால் மூடி, அட்டைப் பலகை பிடித்து அடிக்கலாம்தான். இந்தக் காற்றுக்கு அட்டையே பறக்கும். "காத்து நிக்கட்டும்" என்று லாரியிலேயே உட்கார்ந்துவிட்டோம். முருகேசன் அந்த நேரத்தில் ஊருக்கு வீடியோ கால் போட்டார்.

திரையில் அவர் மனைவி வயல்வரப்பில் நிற்கிறார், குனிந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து முகத்தைத் துடைத்தார். பின்னால் கோரை மண்டிக் கிடக்கிறது. முருகேசன் போனைத் திருப்பி சந்தைக் காட்டினார், பளபளவென்று துடைத்து வைத்த மாதிரி பாதை, வெடிப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புல். "இதுக்குத்தான் மருந்து அடிக்கிறோம்" என்றார். மகள் படிப்பு, பெர்மிட்டு, எதைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. சொன்னால் அங்கே தூக்கம் கெடும் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"இந்த நாலு புல்லுக்கா உங்களைக் கடல் தாண்டிக் கூப்பிட்டிருக்காங்க? அந்த ஊர்க்காரங்களுக்குக் குனியத் தெரியாதா?"

நான் மிதிக்கலையே

மூன்றாவது மாதம், கடைசிச் சுற்று. பாஸ் குறித்த நாள் விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள். "பாஸ், மறுநாள் பண்டிகை" என்றேன். "பண்டிகை வீட்டுக்குள்ள, மருந்து வெளியில. உனக்கென்ன?" என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன். நம் ஆட்கள் பிள்ளையாருக்கு அருகம்புல் வைப்பார்கள், சரி. ஆனால் இந்த ஊரில் யார் போய்ப் புல் பறிக்கிறார்கள்? லிட்டில் இந்தியாவில் தேக்காச் சந்தைப் பக்கம் பூக்கடைக்குப் போனால் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பான், வாங்கிக்கொண்டு வருவார்கள். அப்படித்தான் என் வீட்டிலும். அந்த நம்பிக்கையில் விட்டுவிட்டேன்.

விடிந்த கையோடு காற்றில்லாத நேரத்தில் முருகேசன் வடிகால் ஓரம் முழுக்க அடித்தார். சிவப்பு நாடா கட்டினோம். இந்த ஊரின் நான்கு மொழியிலும் பலகை நட்டோம். அடித்துக்கொண்டே சந்தின் அந்த முனைக்குப் போய்விட்டு, நாடா அவிழ்ந்திருக்கிறதா என்று பார்க்கத் திரும்பி வந்தேன். நாடா கட்டினபடி இருக்கிறது. நாடாவுக்கு உள்ளே, பாதை ஓரமாக ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் அருகம்புல்லைக் காணோம். கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி நறுக்கென்று எடுத்திருக்கிறார்கள். கோரையைத் தொடவில்லை, தொட்டாற்சுருங்கியைத் தொடவில்லை. அருகு மட்டும் போயிருக்கிறது.

இன்னும் காயாத மருந்து. அது மாலையாகிச் சாமி கழுத்தில் போகிறதோ, அரைத்து யார் வயிற்றில் போகிறதோ! வீடு வீடாகக் கேட்டாக வேண்டும். கேட்டால், சோதனைச் சுற்றின் கடைசி நாளில் நாங்களே போய் ஒவ்வொரு கதவாகத் தட்டி "எங்கள் மருந்து உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது" என்று சொல்கிற மாதிரி. சுவா ஆன்ட்டி ஒருவர் போதும், சந்து முழுக்கத் தமுக்கு அடிக்க. நான் முருகேசனைப் பார்த்தேன். "அக்கா, கேட்டா என் வேலை போயிரும்" என்றார். சொன்ன கையோடு அவர் தொட்டியை இறக்கிவைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு, முதல் வீட்டுக் கேட்டைத் தட்டப் போய்விட்டார். நான் எதிர் வரிசையைத் தட்டினேன்.

சுவா ஆன்ட்டி, "புல்லா? நான் ஏன் புல்லைத் திருடணும்?" என்றார். பாய் வீட்டில் சிரித்தார்கள். சிவலிங்கம் சார் வீட்டுக் கதவைத் திறந்த ராஜேஸ்வரி அம்மாவின் கையில் நூல்கண்டு. பின்னால் மேசை மேல் ஈரம் சொட்டச் சொட்ட அருகம்புல், பாதி மாலையாகக் கட்டியிருக்கிறது. "அம்மா, பலகையைப் பார்க்கலையா? மருந்து அடிச்சிருக்கு, மிதிக்காதீங்கன்னு தமிழ்லயே போட்டிருக்கோமே!" என்று நான் கிட்டத்தட்ட அலறினேன்.

"பார்த்தேனே! அதான் மிதிக்கலையே. ரோட்டுல நின்னுக்கிட்டு எட்டித்தான் பறிச்சேன்."

டம்ளர்

மாலைக்குப் போக மிச்சம் எங்கே என்று கேட்டேன். "அரைச்சு அவருக்குக் குடுத்திருக்கேன். அருகம்புல் சாறு, ரத்தத்துக்கு நல்லது. வாரத்துல ரெண்டு நாள் குடுக்கிறதுதான், நீங்க மருந்து அடிக்க வந்ததுலேருந்து அருகே கிடைக்கலை, இப்பத்தான் மறுபடி தழைச்சிருக்கு" என்றார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். ஹாலில் சிவலிங்கம் சார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் டம்ளர். ஓரம் வரைக்கும் பச்சைச் சாறு. ஒரு சொட்டு குறையவில்லை. "குடிச்சீங்களா சார்?" என்றேன். "இன்னும் இல்லை. பேப்பர் படிச்சுட்டுக் குடிக்கலாம்னு..." என்று இழுத்தார். பேப்பர் மடித்தது மடித்தபடி பக்கத்தில் கிடந்தது. பச்சை வாடை பிடிக்காமல் மனுஷர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்! அந்தச் சோம்பேறித்தனத்தைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

டம்ளரை நானே எடுத்து ஒரு பையில் கொட்டிக் கட்டினேன். ராஜேஸ்வரி அம்மாவைச் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவச் சொன்னேன், அம்மியையும் மிக்சியையும் கழுவச் சொன்னேன். மருந்துப் போத்தலின் லேபிளைப் படம் பிடித்து அவர் ஃபோனுக்கு அனுப்பி, கையில் அரிப்போ வாந்தியோ எது வந்தாலும் டாக்டரிடம் இந்தப் படத்தைக் காட்டுங்கள் என்றேன். கழுவினால் போகாதா என்று கேட்டார். வெளியில் ஒட்டினது போகும்மா, இலை உறிஞ்சினது போகாது என்றேன். சாற்றைக் கொட்டும்போது அந்த அம்மாவே பையை விரித்துப் பிடித்தார். மாலையைக் கேட்டதும்தான் கண் கலங்கிவிட்டது. சாமிக்கென்று கட்டினதைக் குப்பையில் போடுவதா என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்ற முருகேசன் உள்ளே வந்தார்.

"மருந்து அடிச்சது நான்தாம்மா. குப்பையில போட்ட பாவமும் எனக்கே இருக்கட்டும், குடுங்க."

தேக்காக் கட்டு

முருகேசன் அத்தோடு நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் பஸ் ஏறித் தேக்காவுக்குப் போனார். சதுர்த்திக்கு முந்தின நாள் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூக்கடைகளில் ஆள் மேல் ஆள், களிமண் பிள்ளையாரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், எருக்கம்பூ மாலை எங்கே கிடைக்கும் என்று கேட்டு அலைகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் இடிபட்டு, சட்டை நனைந்து, வாழையிலையில் சுற்றின இரண்டு கட்டு அருகம்புல்லோடு வந்து நின்றார். நான் இதற்கிடையில் பாஸுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொல்லியிருந்தேன். "அவருதான் குடிக்கலையே, பிறகென்ன? நீயா ஏன் போய்ச் சொன்னே? இந்தச் சந்து போச்சு, உங்க ரெண்டு பேரால போச்சு" என்று வைத்துவிட்டார்.

ராஜேஸ்வரி அம்மா கட்டைப் பிரித்தார். முகர்ந்தார். ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார். முருகேசன் பெருமூச்சு விட்டுக்கொண்டு முகத்தைத் துடைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

"நல்லா தளதளன்னு இருக்கு தம்பி. ஆனா இதுக்கு யார் என்ன மருந்து அடிச்சாங்களோ, யாரைப் போய்க் கேக்குறது?"

ஒரே ஒரு நிபந்தனை

அந்த வாரக் கடைசியில் சந்துக்காரர்கள் சிவலிங்கம் சார் வீட்டு முன்னால் கூடினார்கள். என்னையும் முருகேசனையும் வரச் சொன்னார்கள். சுவா ஆன்ட்டிதான் முதலில் பேசினார். இவர்கள் மருந்து சமையலறை வரைக்கும் போயிருக்கிறது, இவர்களே ஒத்துக்கொள்கிறார்கள், வேறு கம்பெனி பார்க்கலாம் என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். கனி பாய், "தட்டிச் சொன்னாங்களே ஆன்ட்டி, சொல்லாம போயிருந்தா நமக்கு எங்க தெரியும்?" என்றார். பாயின் மனைவி, "உங்க காலடியை மட்டும் சொல்லாமக் காட்டிக் குடுத்தாங்க" என்று இடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெட்டி பாதி கட்டியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். மகளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

இனிமேல் பண்டிகைக்கு முந்தின வாரம் வர மாட்டோம், பலகையில் 'மிதிக்காதீர்' என்பதோடு 'பறிக்காதீர்' என்றும் எழுதுவோம், நாடாவைப் புல்லிலிருந்து பாதைப் பக்கம் ஒரு கை நீளம் தள்ளிக் கட்டுவோம் என்று நான் சொன்னேன். சிவலிங்கம் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வருஷம் முழுக்க இவங்களே செய்யட்டும்" என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவர் சொன்னால் அந்தச் சந்தில் மறுபேச்சு கிடையாது. முருகேசன் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ரோஸ் சிரப் விஷயத்தில் என்மேல் எரிந்து விழுந்த மனுஷர் எப்படி மாறினார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டம் கலைந்ததும் நன்றி சொல்லலாம் என்று அவர் பக்கம் போனேன். அவர் ஒருமுறை சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதருகில் குனிந்தார்.

"ஒரே ஒரு நிபந்தனைம்மா. மாசம் தவறாம அடிச்சிரணும். ஒரு மாசம் விட்டாலும் அருகு தழைச்சிரும், அவ அரைச்சிருவா."

முருகேசன் பெர்மிட்டைக் காப்பாற்றியது கம்பெனியின் தரம் என்று பாஸ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு டம்ளர் பச்சைச் சாற்றைக் குடிக்கப் பிடிக்காத ஒரு புருஷர்தான் காப்பாற்றினார் என்பது, தொட்டி சுமக்கிற நமக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும்.